பள்ளி மூடிய 19 மாதமும் தெருத் திண்ணையும்: தமிழ்நாட்டின் ஆன்லைன் பாடம், ஒரு நிகழ்வு ஆய்வு

2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள், ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இடையில் 19 மாதம். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளாவது 2021 ஜனவரியில் வகுப்புக்கு வந்து கொஞ்ச நாள் உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய ஒரு பிள்ளை முதன்முதலாக வகுப்பறைக்குள் காலெடுத்து வைத்தபோது, அது இரண்டாம் வகுப்பாக இருந்தது. அதிலும் கிட்டத்தட்ட பாதி ஆண்டு ஓடிப்போயிருந்தது.

ஆன்லைன் வகுப்பா நேரடி வகுப்பா என்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்த 19 மாதம்தான் முதலில் நினைவுக்கு வரும். காரணம் உண்டு. சாதாரணமாக இந்த இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள், ஆன்லைனை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்களையும் வகுப்பறையைத் தேர்ந்தெடுத்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வசதி, வயது, ஆர்வம் எல்லாமே வேறுபடும் இரண்டு கூட்டம் அது. தமிழ்நாட்டில் நடந்தது அப்படி இல்லை. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே சில கிராமங்களில் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளந்து வைத்திருந்தார்கள். அதே கிராமங்களில் பிறகும் அளந்தார்கள். இப்படிப்பட்ட 'முன்னும் பின்னும்' கிடைப்பது அபூர்வம்.

வீட்டுக்கு என்ன வந்தது

பாடமே நடக்கவில்லை என்று சொன்னால் அது ஆசிரியர்களுக்குச் செய்யும் அநியாயம். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்றே தொடங்கப்பட்டிருந்தது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அதற்கு ஸ்டுடியோ, அரசு கேபிளில் 200-ஆம் எண் சேனல். கொரோனா வரும் என்று யாரும் நினைக்காத காலத்தில் ஆரம்பித்த சேனல், 2020 ஜூலையிலிருந்து வகுப்புவாரியாக நேர அட்டவணை போட்டுப் பாடம் நடத்தியது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விலையில்லா லேப்டாப்பில் பாட வீடியோக்களை ஏற்றிக் கொடுத்தார்கள். புத்தகத்தில் அச்சிட்ட க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும் ஏற்பாடும் முன்பே இருந்தது. தனியார் பள்ளிகள் ஜூம், கூகுள் மீட் என்று நேரடி ஆன்லைன் வகுப்புக்குப் போயின. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வாட்ஸப் குழு ஆரம்பித்து, பயிற்சித் தாளைப் படம் எடுத்து அனுப்பினார்கள். சில ஆசிரியர்கள் தாங்களாகவே ஊருக்குள் போய் மரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மரத்தடியைப் பற்றிப் பிறகு மறுபடி சொல்கிறேன்.

வாட்ஸப் குழு வேலை செய்ய வேண்டுமானால் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும். இருந்த வீடுகளிலும் அது அப்பாவின் போன். காலையில் வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஏறிப் போய்விடும், இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும். அதற்குள் பிள்ளை தூங்க ஆரம்பித்திருக்கும். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெரியவனுக்குப் பொதுத்தேர்வு என்றால் போன் அவனுக்கு. ரீசார்ஜ் முடிந்தால் அடுத்த கூலி நாள் வரை காத்திருக்க வேண்டும். 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது, நல்ல விஷயம்தான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. வரிசையில் கடைசியில் நின்றது எப்போதும் அந்தச் சின்னப் பிள்ளைதான்.

2021 ஆகஸ்ட்டில் ஜான் ட்ரீஸ், ரீதிகா கேரா போன்ற பொருளியலாளர்கள் சேர்ந்து 15 மாநில, யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளைச் சந்தித்து ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. ஏறத்தாழ 1,400 பிள்ளைகள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. 37 சதவீதம் பேர் எதுவுமே படிக்கவில்லை. எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து எடுத்த எண் இது, தமிழ்நாட்டுக்கு மட்டுமானதல்ல. ஆனாலும் 'ஆன்லைன் கல்வி' என்று நாம் பேசிக்கொண்டிருந்தது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

42-லிருந்து 17

போன் இருந்தால் போதுமா? டிவி பெரும்பாலான வீடுகளில் இருந்தது; கல்வித் தொலைக்காட்சிக்கு டேட்டா வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். பிறகு ஏன் பிள்ளைகள் பின்தங்கினார்கள்?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 42-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று தோன்றும்; உண்மையில் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதிவிட்டு, 4-லிருந்து 1 போக 3 என்று பக்கத்தில் வைக்கிறார்கள். சிறியதைப் பெரியதிலிருந்து கழிக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளை விசுவாசமாகக் கடைப்பிடிக்கிறது.

திரையில் வரும் ஆசிரியர் எவ்வளவு அருமையாகக் கடன் வாங்கிக் கழிப்பதை விளக்கினாலும், இந்தப் பிள்ளை 35 என்று எழுதியது அவருக்குத் தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது, அது சரியாகப் போட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அடுத்த நாள் சேனலில் மூன்றிலக்கக் கழித்தல் வரும். அதற்கடுத்த வாரம் பெருக்கல். தவறு அப்படியே தங்கி, அதன்மேல் அடுத்த பாடம் ஏறும். வாட்ஸப்பில் விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தால்? நாற்பது பிள்ளைகளின் மங்கலான படங்களைப் பெரிதுபடுத்திப் பார்த்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு 'ஏன் இப்படிப் போட்டாய்' என்று கேட்க எந்த ஆசிரியருக்கும் முடியாது. 'நன்று' என்று ஒரு டிக் வரும், அவ்வளவுதான்.

வகுப்பறையில் ஆசிரியர் மேசைகளுக்கிடையே நடக்கும்போது இது அரை நிமிட வேலை. நோட்டை எட்டிப் பார்ப்பார், பக்கத்தில் குனிவார், 'இரண்டு ரூபாய் வச்சிருக்கே, ஏழு ரூபாய் எப்படிக் கொடுப்பே?' என்று கேட்பார். பிள்ளை முழிக்கும். அப்புறம் பத்து ரூபாயை உடைக்க வேண்டும் என்று அதற்கே தோன்றும்.

இந்த நிகழ்வில் நான் சொல்ல வருவது இதைத்தான். திரையா கரும்பலகையா என்பதைவிட, பிள்ளை போட்ட கணக்கை அன்றைக்கே ஒருவர் பார்த்தாரா என்பதுதான் தொடக்க வகுப்பில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. மேலே சொன்ன மரத்தடி ஆசிரியர்களிடம் கருவி எதுவும் இல்லை. ஆனால் நோட்டு அவர்கள் கைக்கு வந்தது.

அளந்தபோது தெரிந்தது

அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2019-இல் எடுத்த அளவு கையில் இருந்தது. 2021 டிசம்பரில், பள்ளி திறந்த கையோடு, அதே கிராமங்களில் அதே வயதுப் பிள்ளைகளை மறுபடி சோதித்தார்கள்.

கணக்கில் 0.73 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் சரிவு என்று வந்தது. புள்ளியியல் பழகாதவருக்கு இது ஒன்றும் சொல்லாது. கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2019-இல் ஒரு கிராமத்தின் நூறு பிள்ளைகளைக் கணக்குத் திறன்படி வரிசையாக நிறுத்தியிருந்தால், நடுவில் ஐம்பதாவதாக ஒரு பிள்ளை நின்றிருக்கும். 2021-இல் அதே வயதில் நடுவில் இருக்கும் பிள்ளையைக் கூட்டிவந்து அந்தப் பழைய வரிசையில் நிறுத்தினால், அதற்குக் கீழே ஏறத்தாழ 23 பேர்தான் இருப்பார்கள். மொழியில் அந்த இடம் சுமார் 37. வழக்கமான மணி வடிவப் பரவலை வைத்து நான் போட்ட கணக்கு இது. வரிசையின் நடுவில் நின்ற பிள்ளை கடைசிக் கால்பங்குக்குள் போய்விட்டது.

கணக்கு ஏன் மொழியைவிட இரண்டு மடங்கு அடி வாங்கியது? என் புரிதல் இது. பிள்ளை வீட்டில் நாள் முழுக்கத் தமிழைக் கேட்கிறது, பேசுகிறது, சுவரொட்டியிலும் மிட்டாய் உறையிலும் எழுத்தைப் பார்க்கிறது. இடமதிப்பும் கடன் வாங்கிக் கழிப்பதும் அப்படிக் காற்றில் வருவதில்லை. பள்ளிக்கூடம் ஒன்றுதான் அதற்கு இடம்.

படித்த தாய் இருக்கும் வீட்டில் இழப்பு குறைவு. இல்லாத வீட்டில் அதிகம். அதாவது ஏற்கெனவே இருந்த இடைவெளி அந்த 19 மாதத்தில் இன்னும் அகன்றது. அந்த வீடுகளில் அம்மா நோட்டைப் பார்த்திருக்கிறார் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

இல்லம் தேடிக் கல்வி

பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்னால், 2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் 12 மாவட்டம், பிறகு மாநிலம் முழுக்க. ஏற்பாடு மிக எளிமை. பிள்ளைகள் இருக்கும் தெருவிலேயே ஒரு தன்னார்வலர், அவருக்கு ஏறத்தாழ இருபது பிள்ளைகள், மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். தொடக்க வகுப்புக்குப் பன்னிரண்டாவது முடித்திருந்தால் போதுமானதாக இருந்தது. ஆறு முதல் எட்டு வரைக்குப் பட்டம் வேண்டியிருந்தது. மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 33 லட்சம் பிள்ளைகள் வந்தார்கள்.

ஒரு மையத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வீட்டுத் திண்ணை, இரண்டு பாய், சுவரில் ஆணியடித்து மாட்டிய சின்னக் கரும்பலகை. ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை எல்லா வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. கற்றுக்கொடுத்த அக்கா பி.ஏ. முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இருந்தவர். கற்பித்தல் பயிற்சி எதுவும் இல்லை. நாலாவது படிக்கும் ஒரு பையன் இரண்டாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து 'ங, ஞ' எழுதிக்கொண்டிருந்தான். 'அவனுக்கு இது வரலைங்க, அதான் இங்கே உட்கார வச்சேன்' என்று அந்த அக்கா சர்வ சாதாரணமாகச் சொன்னார். வகுப்புக்கேற்ற பாடத்தை விட்டுவிட்டுப் பிள்ளையின் நிலைக்கேற்ற பாடத்தைக் கொடுக்க வேண்டும் என்று கல்வியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்வதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்பதால் அவனுக்கு என்ன வரும், என்ன வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் வரவில்லை என்றால் வாசலில் நின்று கூப்பிடுவாராம்.

2022 மே வாக்கில் அதே ஆய்வாளர்கள் மறுபடி அளந்தபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஆறே மாதத்தில் திரும்பி வந்திருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணித்தார்கள். இழப்பு ஏழைப் பிள்ளைகளை அதிகம் தாக்கியது போல, மீட்சியும் அவர்களுக்குத்தான் அதிகம் கிடைத்தது. மாலை மையங்களுக்கு அந்தப் பிள்ளைகள் அதிகம் வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

செலவையும் பார்க்க வேண்டும். 2 லட்சம் பேருக்கு ஆளுக்கு ஆயிரம் என்றால் மாதம் 20 கோடி. 33 லட்சம் பிள்ளைகளுக்குப் பிரித்தால், ஊக்கத்தொகை மட்டும் பிள்ளைக்கு மாதம் 60 ரூபாய்ச் சொச்சம். ஒரு மாத மொபைல் ரீசார்ஜை விடக் குறைவு.

எதைச் சொல்லவில்லை

இந்த எண்களை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் நிதானிக்க வேண்டிய இடங்கள் உண்டு. முதலாவது, 2021 டிசம்பர் சரிவு முழுவதையும் ஆன்லைன் பாடத்தின் தலையில் கட்ட முடியாது. வேலை இழந்த வீடு, நோய், மரணம், சத்துணவு நின்றது எல்லாம் அதற்குள் கலந்திருக்கிறது. ஒழுங்காக ஆன்லைன் வகுப்பு கிடைத்த பிள்ளை எவ்வளவு கற்றிருக்கும் என்பதை இந்த ஆய்வு தனியாகச் சொல்லவில்லை. கிராமத்தில் அப்படிக் கிடைத்தவர்களே குறைவு.

இரண்டாவது, எனக்கு இதுதான் முக்கியம். இல்லம் தேடிக் கல்விக்கு 24 சதவீதம் என்றால் மீதி 76 சதவீதம் வேறெங்கிருந்தோ வந்தது. பெரும்பகுதி வழக்கமான பள்ளிக்கூடம் திறந்ததால் வந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கூரை ஒழுகுகிறது, ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்க்கிறார் என்று நாம் குறை சொல்லும் அதே அரசுத் தொடக்கப்பள்ளிதான். தன்னார்வலர்களைப் பாராட்டும் மேடைகளில் இந்த ஆசிரியர்களை மறந்துவிடுகிறோம். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஆள் கிடைக்கிறார்கள் என்பதற்காக, காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விட யாராவது இந்த ஆய்வைக் காட்டினால், அவர்கள் ஆய்வைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

அப்புறம், மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்றால் ஒரு பங்கு திரும்பவில்லை. கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பில், 2022-இல் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். 2018-இல் அது 10.2. பழைய எண்ணே பெருமைப்படும்படி இல்லை. அதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது.

திரை உதவிய இடம்

திரையை முழுக்க ஒதுக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல இயற்பியல் ஆசிரியர் ஊரில் இல்லாதபோது, வீடியோவை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்க்க முடிவது பெரிய கொடை. அந்தப் பிள்ளைக்குத் தனக்கு எது புரியவில்லை என்று தெரியும், தேடிக்கொள்ளும். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் கொண்டுவந்த மணற்கேணி என்ற பாட வீடியோ செயலியை வகுப்பறைத் திரையில் ஆசிரியரே ஓட்டி, இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கும்போது அது நன்றாகப் பயன்படுகிறது. இல்லம் தேடிக் கல்வியிலேயே தன்னார்வலர் பதிவும் வருகைப் பதிவும் செயலி வழியாகத்தான் நடந்தன. 2 லட்சம் பேரைப் பேப்பரில் நிர்வகித்திருக்க முடியாது.

வயதும் அடித்தளமும்தான் கோடு பிரிக்கிறது. கடல் கடந்தும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் 2013 ஜனவரியில் உடாசிட்டி என்ற ஆன்லைன் பாட நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று பாடங்களை ஆன்லைனில், 150 டாலர் கட்டணத்தில் நடத்தியது. கணக்கில் பின்தங்கியவர்களுக்கான அடிப்படைப் பாடத்தில் தேறியவர்கள் கால்வாசிப் பேருக்கும் குறைவு. அந்த ஆண்டு கோடையிலேயே திட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. கோடைக்கால வகுப்பில் தேர்ச்சி உயர்ந்தது உண்மைதான். ஆனால் அதில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவில் நடந்தது இது. அடித்தளம் ஆடுகிறவருக்கு அருகில் ஓர் ஆள் வேண்டும் என்பது வறுமையால் மட்டும் வருவதில்லை என்று அந்த நிகழ்வு எனக்குக் காட்டியது.

அந்தப் பிள்ளைகள் இப்போது

2022 ஜூனில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது; அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் நீண்டது. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் தொடங்கும்போது மூன்றாம் வகுப்பில் இருந்ததால், அதன் கை பிடித்தே ஐந்தாவது வரை வந்தார்கள். 2025-26-இல் அவர்கள் ஆறாம் வகுப்பு. தொடக்கப்பள்ளி முடிந்து வேறு பள்ளி, பாடத்துக்கொரு ஆசிரியர், ஒரு பிரிவில் நாற்பது ஐம்பது பேர். நோட்டைப் பார்க்க நேரம் குறையும் இடம் அது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கியவர்களைக் கண்டுபிடித்துத் தனியாகப் பயிற்சி தரும் 'திறன்' திட்டத்தை அதே கல்வியாண்டில் அரசு கொண்டுவந்திருக்கிறது.

அத்திட்டத்தில் முதல் மதிப்பீட்டையும் இறுதி மதிப்பீட்டையும் பள்ளிவாரியாக வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. 2019-இல் யாரோ அளந்து வைத்திருந்ததால்தான் 2021-இல் எவ்வளவு போனது என்று தெரிந்தது. திரும்பாமல் நின்ற அந்த மூன்றில் ஒரு பங்கு இந்தப் பிள்ளைகளிடம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பெற்றோரும் ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2030-இல் அவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவார்கள். அதற்கு முன்னால் தெரிந்தால்தான் ஏதாவது செய்ய முடியும்.